வீட்டு வேலைக்கு வந்த இரும்பு மனிதர்கள்: பழைய ரோபோக் கொமிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு இரும்பு அலுமாரி நிற்கிறது. உள்ளே உடுப்பு இல்லை, கொமிக்ஸ். அசல் பிரதிகள் கொஞ்சம், பின்னாளில் வந்த மறுபதிப்புகள் நிறைய. அதிலும் பாதிக்கு மேல் வீட்டு ரோபோக்களின் கதைகள். பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டுவிடும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

இத்தனை ரோபோக் கதைகள் இருக்க, வீட்டு ரோபோவில் என்ன பெரிய விசேஷம்?

சண்டை பிடிக்கும் ரோபோக்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. சண்டை எப்படியிருக்கும் என்று கொமிக்ஸ் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இந்த ஊரில் என் வயதுக்காரர் எவரும் இல்லை.

வீட்டு ரோபோ வேறு சங்கதி. எதிர்கால வீட்டை வரைய உட்காரும் ஓவியர், தன்னை அறியாமலே தன் காலத்து வீட்டை வரைந்துவிடுவார். வாசலில் பறக்கும் கார் நிற்கும். ஆனால் குசினியில் நிற்பது யார், கதிரையில் சாய்ந்திருப்பது யார், கூப்பிட்டால் ஓடி வருவது யார் என்பதெல்லாம் அவர் வீட்டில் இருந்தபடியே இருக்கும். அதனால் இந்தக் கதைகளை ஒரே ஒரு கேள்வியோடுதான் நான் திறப்பேன்: இந்த ரோபோ வருவதற்கு முன் இந்த வேலையை யார் செய்துகொண்டிருந்தார்? கீழே வரும் பதில்களிலும் அந்தக் கேள்வி இடைக்கிடை தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது? றோபோ என்று எழுதுவதா, ரோபோ என்று எழுதுவதா?

செக் மொழியிலிருந்து வந்தது. கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில்தான் இந்தச் சொல் முதலில் ஏறியது. எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் ஜோசப். செக்கில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு, அதாவது நிலக்காரனுக்குக் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய வேலை. இலங்கையில் இதற்கு விளக்கமே தேவையில்லை. இராசகாரியம் என்ற ஒன்று இங்கே 1830கள் வரை இருந்தது. அந்த நாடகத்தை யாராவது அன்றைக்கே தமிழாக்கியிருந்தால் 'இராசகாரியன்' என்று பேர் வைத்திருக்கலாம். நாக்குக்குக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டலில் எனக்குப் பிடிவாதம் இல்லை. றேடியோ, றோட்டு என்று எழுதிப் பழகிய கை 'றோபோ' என்றுதான் எழுதும். இந்தியப் புத்தகங்கள் படித்துப் படித்து என் கை 'ரோபோ'வுக்கு மாறிவிட்டது. இயந்திர மனிதன் நல்ல சொல். ஆனால் இந்தக் கதைகளில் பூனையும் ரோபோ, எலியும் ரோபோ, சில வேளை முழு வீடே ரோபோ. மனிதன் என்றால் இடிக்கிறது.

வீட்டு ரோபோக் கொமிக்ஸ் எந்தக் காலத்தில் தொடங்குகிறது?

என் வரிசை 1938இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு யூலை 30ஆம் திகதியிட்டு பிரித்தானியச் சிறுவர் வார இதழான 'பீனோ'வின் முதல் இதழ் வந்தது. அதில் 'டின் கேன் டொமி' என்று ஒரு தகரப் பையன் வருகிறான். படத்தைப் பார்த்தால் சிரிப்பு. கதையின் அடியைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். பேராசிரியர் லீயும் மனைவியும் தங்கள் மகனைப் பறிகொடுத்தவர்கள். அவன் இருந்த இடத்தை நிரப்பத்தான் டொமியைச் செய்கிறார்கள்.

அடுத்து ஜப்பானுக்குப் போங்கள். ஒசாமு தெசுகா 1951இல் ஒரு தொடரில் கிளைப் பாத்திரமாகக் கொண்டுவந்த அட்டம் என்ற ரோபோப் பையனுக்கு 1952இல் தனித் தொடரே அமைந்தது. வெளியுலகில் அவன் பெயர் அஸ்ட்ரோ போய். அவனும் ஒரு செத்த வீட்டுக்குள்தான் வருகிறான். டென்மா என்ற விஞ்ஞானியின் மகன் டொபியோ விபத்தில் இறந்துபோக, அதே முகத்தோடு ஒரு ரோபோவைச் செய்கிறார். கொஞ்சக் காலம் கொண்டாடுகிறார். அப்புறம்தான் கவனிக்கிறார்: பையன் வளரவில்லை. ஆத்திரத்தில் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். பிறகு ஒச்சானோமிசு என்ற இன்னொரு பேராசிரியர் அவனை மீட்டு, அவனுக்கென்று ரோபோத் தாய் தகப்பனையும் செய்து கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்புகிறார்.

எங்கள் வீட்டுச் சாமியறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் பென்சிலால் குறித்திருக்கிறது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஒரு கோடு. மூத்தவளின் கோடுகள் ஒன்பது, சின்னவனுடையவை ஆறு. பெயின்ட் அடிக்க வந்தவரிடம் அந்த ஒரு பலகையை மட்டும் விடச் சொன்னோம். அட்டம் கதையை மறுபடி எடுத்தபோது, டென்மாவின் வீட்டு நிலையில் எல்லாக் கோடும் ஒரே இடத்தில் விழுந்திருக்கும் என்று பட்டது. அந்த மனுஷனைக் கொடியவன் என்று சொல்ல அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

இந்த இரண்டு கதையிலும் என் கேள்விக்கான பதில் திகைக்க வைக்கும். ரோபோவுக்கு முன் அந்த வேலையைச் செய்தது ஒரு பிள்ளை. வேலை என்பது பிள்ளையாக இருப்பது.

'ஐ, ரோபோட்' அசிமோவ் எழுதியதுதானே?

அந்தப் பெயரில் இரண்டு உண்டு. முதலாவது 1939 சனவரியில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்த சிறுகதை. எழுதியவர் ஈயாண்டோ பைண்டர், அதாவது ஏர்ல், ஓட்டோ என்ற இரு சகோதரர்கள் கூட்டாக வைத்துக்கொண்ட பெயர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் சிறுகதைத் தொகுப்பு 1950இல் வந்தது. பதிப்பாளர் அவர் பேச்சைக் கேளாமல் அதே தலைப்பைப் போட்டுவிட்டார்.

கொமிக்ஸ் ஆனது பைண்டர்களின் கதை. 1955இல் ஈசி என்ற அமெரிக்கக் கொமிக்ஸ் நிறுவனத்தின் இதழில் ஜோ ஒர்லாண்டோ வரைந்தார். பத்து ஆண்டு கழித்து 'க்ரீப்பி' இதழில் அதே ஒர்லாண்டோ மறுபடி வரைந்தார். அடம் லிங்க் என்ற ரோபோவை ஆக்கியவர் விபத்தில் சாக, பழி ரோபோவின் தலையில் விழுகிறது. வீட்டில் ஏதாவது உடைந்தால் முதலில் யாரைப் பார்ப்போம் என்று யோசியுங்கள்.

ஒரே ஒரு கதைதான் படிக்க நேரம் இருக்கிறது. எது?

ஈசியின் 'வியர்ட் ஃபான்டஸி' 17ஆம் இதழ், 1953. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 'தெயர் வில் கம் சொஃப்ட் ரெயின்ஸ்' கதையை வாலி வூட் கொமிக்ஸாக வரைந்திருக்கிறார்.

இதில் மனிதர் ஒருவரும் இல்லை. தானே இயங்கும் ஒரு வீடு. விடிகிறது, வீடு நேரம் சொல்கிறது, அடுப்பு காலைச் சாப்பாடு செய்கிறது. மூலக்கதையில் எண்ணிக்கை சுத்தமாக இருக்கும்: எட்டுத் துண்டு ரோஸ்ட் பாண், எட்டு முட்டை, இரண்டு கோப்பி, இரண்டு கிளாஸ் பால். சாப்பிட ஆள் வராது. சாப்பாட்டை வீடே எடுத்துக் கொட்டிக் கழுவிவிடும். பிறகு சுவரின் பொந்துகளிலிருந்து குட்டி ரோபோ எலிகள் ஓடி வந்து தூசியை அள்ளிக்கொண்டு திரும்பப் போய் ஒளியும். வீட்டின் வெளிச்சுவர் கரிந்திருக்கிறது. புல் வெட்டிக்கொண்டிருந்த தகப்பன், பூப் பறிக்கக் குனிந்த தாய், பந்து எறிந்த இரண்டு பிள்ளைகள், இவர்களின் உருவம் மட்டும் கரியாமல் நிற்கிறது. அணுகுண்டு. கதை நடக்கும் நாளாக 1950இல் வந்த புத்தகத்தில் இருப்பது 2026 ஓகஸ்ட் 4.

எலிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு துணுக்கு. இந்தக் கதைக்கு முன்பே ஈசிக்காரர் பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளைச் சொல்லாமல் எடுத்து ஒன்றாகத் தைத்து வெளியிட்டிருந்தார்கள். பிராட்பரி வழக்குப் போடவில்லை. 'எனக்கு வரவேண்டிய 50 டொலர் தபாலில் தவறிவிட்டது போலிருக்கிறது' என்கிற தோரணையில் மரியாதையாக ஒரு கடிதம் போட்டார். காசு வந்தது. அதன் பிறகே முறையான அனுமதியோடு இந்தத் தழுவல்கள் வரத் தொடங்கின. கடன் கேட்கத் தெரியாதவர்கள் படிக்க வேண்டிய கடிதம் அது.

ரோபோக்களுக்குள் சாதி பார்க்கும் கதை ஒன்று உண்டாமே?

உண்டு. 'ஜட்ஜ்மென்ட் டே', 'வியர்ட் ஃபான்டஸி' 18, அதே 1953. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் ஒர்லாண்டோ. இது வீட்டு ரோபோக் கதை இல்லை. ஆனாலும் இதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு கிரகம். அவற்றை விண்மீன் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்க, பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி வருகிறார். செம்மஞ்சள் ரோபோக்கள் ஊரைச் சுற்றிக் காட்டுகின்றன. நீல ரோபோக்களோ தனிப் பகுதியில், பஸ்ஸில் பின் இருக்கையில். தொழிற்சாலையில் பார்த்தால் உள்ளே ஓடும் கம்பி, சில்லு எல்லாம் ஒன்று. மேலே போர்த்தும் தகட்டின் நிறம் மட்டும் வேறு. இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கப்பலேறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வை முத்து.

1956இல் இதை மறுபடி அச்சிடப் போனபோது தணிக்கை அமைப்பு அந்த முகத்தைக் கறுப்பாக விடாதே என்றது. ஈசியின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்துவிட்டார். ஒரு கோடு மாறாமல் அச்சாகியது. ஈசி வெளியிட்ட கடைசிக் கொமிக்ஸ் இதழும் அதுதான்.

இதை இரவல் கொண்டுபோன ஒரு வாத்தியார் திருப்பித் தரும்போது, "இதிலே பின் இருக்கை, எங்கட ஊரிலே தேத்தண்ணிக் கடைத் தனிக் கிளாஸ்" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரன் கட்டிய வேலைக்காரி ரோபோ யார்?

ரோசி. 'ஜெட்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன், 1962 செப்ரெம்பர் 23 முதல் அங்கம். அடுத்த ஆண்டு கோல்ட் கீ நிறுவனம் கொமிக்ஸாகவும் போட்டது. அவளைக் குடும்பம் வாடகைக்குத்தான் எடுக்கிறது. அதுவும் காலம் போன பழைய மாடல் என்பதால் மலிவு. தகரத்துக்கு எண்ணெய் தெறித்தால் என்ன, கறி தெறித்தால் என்ன? துடைத்தால் போகும். அவளுக்கு ஏப்ரன் எதற்கு? அது கறிக்காகக் கட்டியதில்லை, யார் எசமான் யார் வேலைக்காரி என்று காட்டக் கட்டியது. எங்கள் நாட்டிலும் வீட்டு வேலைக்கு வந்த பெண்பிள்ளைக்கு வீட்டுக்காரியின் பழைய சட்டையைத்தான் போடக் கொடுப்பார்கள்.

எல்லா வீட்டு வேலையையும் பொத்தான் செய்யும் அந்த வீட்டில், பொத்தான் அழுத்தி விரல் நோகிறது என்று வீட்டுக்காரி முறையிடுவாள். சிரிப்புத்தான். ஆனால் அங்கேயும் பொத்தான் அழுத்துவது அவள்தான், புருஷன் இல்லை.

மக்னஸ்?

'மக்னஸ், ரோபோட் ஃபைட்டர்', 1963, கோல்ட் கீ, ஓவியர் ரஸ் மனிங். கதை நடப்பது கி.பி. 4000. எல்லா வேலையும் ரோபோ கையில் போனதால் மனிதர் சோம்பிப்போன உலகம். வெறும் கையால் வெட்டி ரோபோக்களின் தலையை எடுக்கும் மக்னஸை வளர்த்து ஆளாக்கியது ஒரு ரோபோ. படங்கள் வெகு வடிவு. கதை ஒரு பத்து இதழுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும்.

டோரேமொன் பழைய கொமிக்ஸா? பிள்ளைகள் இப்போதும் ரீவியில் பார்க்கிறார்களே?

பழையதுதான். ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் 1969 டிசெம்பரில் தொடங்கியது. ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய காலம். டோரேமொன் மட்டும் அவர்களில் ஹிரோஷி ஃபுஜிமோட்டோவின் கைவேலை. 22ஆம் நூற்றாண்டிலிருந்து நொபிதா என்ற பள்ளிப் பையனைத் திருத்த அனுப்பப்பட்ட பூனை ரோபோ. உயரம் 129.3 சென்ரிமீற்றர், நிறை 129.3 கிலோ. காதை எலி தின்றதால் எலிக்குப் பயம்.

வீட்டு ரோபோக்களில் என் விருப்பம் இந்தப் பூனைதான். காரணம், அதை எந்தக் கட்டத்திலும் வேலைக்காரனாக வரையவில்லை. வீட்டாரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறது. நொபிதாவின் அறையில் பாய் சுருட்டி வைக்கும் அலுமாரித் தட்டில் படுக்கிறது. நொபிதாவின் தாய் பிள்ளையை ஏசும்போது இதற்கும் சேர்த்து விழும். எங்கள் வீடுகளில் மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ரவுனில் படிக்க வந்து தங்கும் ஒன்றுவிட்ட தம்பி இருப்பானே, அவன்தான் டோரேமொன். கடைக்கு ஓடுவான், சைக்கிளுக்குக் காற்றடிப்பான், பரீட்சைக்கு முதல் நாள் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவான். ஆனால் அவனை வேலையாள் என்று சொல்லிப் பாருங்கள், அம்மம்மா அகப்பையோடு வருவார்.

தமிழில் ரோபோக் கொமிக்ஸ் வந்திருக்கிறதா? இரும்புக்கை மாயாவி ரோபோவா?

மாயாவி ரோபோ இல்லை. ஒரு கை மட்டும் இரும்பான மனிதன். கரண்ட் அடித்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது அந்தக் கதை. இந்தக் குழப்பத்தை நான் ஐம்பது பேருக்காவது தீர்த்து வைத்திருப்பேன்.

நீங்கள் தேடுவது ஆர்ச்சி. தமிழ் வாசகர்களின் செல்லப் பெயரில் சட்டித்தலையன் ஆர்ச்சி. பிரித்தானிய 'லயன்' வார இதழில் 1952இல் பிறந்தவன். சிவகாசியிலிருந்து 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் தமிழுக்கு வந்தான். தொடக்கத்தில் அவனுக்கு வாயில்லை, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மனிதர்தான் இயக்குவார்கள். பின்னாளில் பேச்சு வந்தது, கூடவே தற்பெருமையும் வந்தது. வீட்டு வேலை ஒன்றும் தெரியாது. காட்டுக்குப் போவான், கோட்டை மாதிரி ஒரு கால யந்திரத்தில் ஏறிப் போவான். வீட்டில் இருந்தால் கதவை உடைப்பான்.

தமிழில் வீட்டுக்குள் நிஜமாகவே புகுந்த ரோபோ, கொமிக்ஸில் வந்ததல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடரில் வந்த ஜீனோ என்ற நாய். ஆனந்த விகடனில் படங்களோடு வந்தது. அந்த நாய்க்குட்டி கதாநாயகி நிலாவுக்கு வேலைக்காரனுமில்லை, செல்லப் பிராணியுமில்லை. அறிவில் அவளுக்கு மேலே நிற்கும்.

'ர' சொல்லத் தெரியாத ரோபோ என்று ஒன்று?

வால்ட்டர். 1977இல் தொடங்கிய பிரித்தானிய '2000 ஏடி' இதழில், எதிர்கால நகரமொன்றின் சட்டக்காவலரான ஜட்ஜ் ட்ரெட்டின் வீட்டு வேலைக்காரன். ஆங்கிலத்தில் 'ர' வராமல் தன்னை 'வோபோட்' என்பான். தமிழில் மழலை 'ர'வை 'ய' ஆக்கும். ஆகவே என் மகளுக்குப் படித்துக் காட்டும்போது அவன் 'யோபோ வால்ட்டர்'. "துயை, யசம் ஆயிடும்" என்று சோற்றுக் கோப்பையோடு நிற்பான். அவள் உருண்டு சிரிப்பாள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த இதழின் ஆரம்பத்திலேயே ரோபோக்கள் கலகம் செய்கின்றன. தலைவன் ஒரு தச்சு வேலை ரோபோ. வால்ட்டர் மனிதர் பக்கம் நின்றதற்காக அவனுக்கு விடுதலை கொடுக்கிறார்கள். விடுதலை கிடைத்தவன் நேரே ட்ரெட் வீட்டுக்கு வந்து, உங்களுக்கே ஊழியம் செய்கிறேன் என்று நிற்கிறான். எழுதியவர் நையாண்டிக்காகத்தான் எழுதினார். எனக்கென்னவோ அந்த இடத்தில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

இந்தக் கதைகளில் சொன்னதில் ஏதாவது பலித்ததா?

இரண்டு காலில் நடந்து, பீங்கான் கழுவி, சட்டை மடிக்கும் இரும்பு மனிதன் எங்கள் குசினிகளுக்கு வரவில்லை. 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் எலெக்ட்ரோ என்ற ஏழு அடி ரோபோவைக் காட்டியது. அது நடந்தது, இசைத்தட்டு உதவியோடு பேசியது, சிகரெட் பிடித்தது. வீட்டில் உதவாத ஆம்பிளை செய்கிற மூன்று வேலையையும் சரியாகச் செய்தது.

பலித்தது வேறு இரண்டு.

ஒன்று, சோறு சமைக்கும் குக்கர். 1955இல் தோஷிபா சந்தைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் தாண்டும், டக்கென்று சுவிட்ச் விழும். மூளை அவ்வளவுதான். கண் இல்லை, கால் இல்லை, ஏப்ரன் இல்லை. என் அம்மா நாற்பது வருஷம் அடுப்படியில் நின்று பார்த்த பதத்தை அந்த 'டக்' பார்த்தது. ஆனால் இதை ரோபோ என்று எந்த ஓவியரும் வரையவில்லை. முகம் இல்லாத வேலைக்காரனை வரைவதில் அவர்களுக்கு என்ன சுவை?

மற்றது, பிராட்பரியின் எலிகள். 2002இல் ரூம்பா என்ற தரை கூட்டும் ரோபோ வந்தபோது அது மனிதன் மாதிரி இல்லை, சுவரோரம் ஓடித் தூசி அள்ளும் ஒரு பிராணி மாதிரித்தான் இருந்தது. 1950இலேயே அந்த ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது.

உப்புவெளியில் என் மச்சாள் வீட்டுக்குக் கனடாவிலிருந்து அப்படி ஒன்று வந்தது. தோசைக்கல்லுக்குக் கால் முளைத்தது போல வட்டமாக இருந்தது. முதல் நாள் முழுக் குடும்பமும் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வந்த மணல் சில்லுக்குள் ஏறிக் கறகறவென்று சத்தம். அதைவிடப் பெரிய வில்லங்கம் நிலைப்படி. அந்தப் பழைய வீட்டில் அறைக்கு அறை மூன்று அங்குலப் படி. அது முட்டும், யோசிக்கும், திரும்பும். மச்சாள் ஒவ்வோர் அறைக்கும் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கிழமையில் அது கட்டிலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. இப்போது தும்புத்தடியால் கூட்டும்போது அதன் மேல் படிந்த தூசியையும் சேர்த்துக் கூட்டுகிறார்.

அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். அவர் பெட்டகத்தில் இங்கிலிஷ் கொமிக்ஸ் கட்டு ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்தது என்று எப்படிப் பார்ப்பது?

விலையைப் பாருங்கள். அமெரிக்க இதழில் 10 சதம் என்றால் பெரும்பாலும் 1961க்கு முன், 12 சதம் என்றால் அதற்குப் பின். பிரித்தானிய இதழில் விலைக்குப் பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் 1971 பெப்ரவரிக்கு முந்தியது, 'பி' இருந்தால் பிந்தியது. அந்த மாதம்தான் அவர்கள் காசை நூறாகப் பிரித்தார்கள். மேல் மூலையில் தபால் முத்திரை போன்ற தணிக்கைச் சின்னம் இருந்தால் 1955 அல்லது அதற்குப் பின். ஆனால் டெல், கோல்ட் கீ இதழ்களில் அந்தச் சின்னம் இராது, அதை வைத்துப் பழசு என்று துள்ள வேண்டாம்.

பிரித்தானியக் கடற்படை 1957இல் இந்தத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அதை வைத்து, கட்டில் இருப்பதெல்லாம் அதற்கு முந்தியது என்று கணக்குப் போடாதீர்கள். விலையை மட்டும் நம்புங்கள். அதோடு, வாங்க வருகிறவர் முதல் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டாம்.

திருகோணமலைக் காற்றில் இந்தப் பேப்பர் எப்படித் தாங்கும்?

தாங்காது. நாம்தான் தாங்க வைக்க வேண்டும்.

இந்தக் கொமிக்ஸெல்லாம் மலிவுப் பத்திரிகைத் தாளில் அச்சானவை. மரத்தை அப்படியே அரைத்துச் செய்த தாள், அதிலுள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகிப் புளிக்கும். கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். எங்களுக்கு அதற்கு மேல் உப்புக் காற்று. முதலில் போவது நடுவில் குத்திய கம்பி. கம்பி துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, நடுப் பக்கம் தானாகக் கழன்று கையில் வரும். என் 'லயன்' இதழ் ஒன்றில் ஆர்ச்சியின் நெஞ்சில் சரியாக இரண்டு துருப் பொட்டு. அவன் இரும்பு என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் செய்வது இது. சித்திரை முடிந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பேன். வெயிலில் இல்லை, நிழலில், மின்விசிறி தள்ளி வைத்து. துருக் கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தைப்பேன். ஒவ்வொன்றையும் பொலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்துப் போடுவேன். சாதாரணப் பொலித்தீன் பை வேண்டாம், நாளாக ஒட்டும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை தொடங்குமுன் அலுமாரியை மூடி, தட்டுக்குத் தட்டு சிலிக்கா பொட்டலம். மழைக் காலத்தில் வெளியே எடுப்பதே இல்லை, தலைவர் வந்து கேட்டாலும்.

ராமபாணப் பூச்சிக்கு வசம்பு. ஏட்டுச் சுவடிக்கு எங்கள் ஆட்கள் வைத்த அதே வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கிறேன். பூச்சி ஏற்கெனவே ஏறிய புத்தகத்தைக் காற்றுப் புகாத உறையில் கட்டி இரண்டு கிழமை பிரீசரில் வைப்பேன். மீனுக்குப் பக்கத்தில் கொமிக்ஸைக் கண்ட விருந்தாளிகள் உண்டு.

செய்யவே கூடாதது இரண்டு. செலோ டேப், அப்புறம் லமினேற். முதன்முதல் வாங்கிய டோரேமொன் புத்தகத்தின் அட்டையை ஆசையாக ரவுனில் ஒரு கடையில் லமினேற் பண்ணக் கொடுத்தேன். சூட்டில் மை இளகி, நீலப் பூனை பச்சைப் பூனையாகத் திரும்பி வந்தது. கடைக்காரத் தம்பி, "இதுவும் வடிவாத்தான் இருக்கு அண்ணை" என்றான். இன்னும் வைத்திருக்கிறேன்.

அறிவியல் புனைகதைக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர். தன் முக்குளிப்புக் கூட்டாளி மைக் வில்சனோடு சேர்ந்து இங்கே சுவாமிமலையடியில் முக்குளித்து, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் நீருக்கடியில் பார்த்தார்கள். அதை அவர் 1957இல் புத்தகமாகவும் எழுதினார். எதிர்காலத்தையே எழுதிக்கொண்டிருந்த மனிதர் இந்த ஊரில் கண்டெடுத்தது பழங்காலத்தை. கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துவிட்டு, மேலே நின்று கீழே பாறையைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வரும். ரோபோவுக்கு இதில் வேலையில்லை. ஆனால் கேட்காமல் யாரும் போவதில்லை.

இரவல் தருவீர்களா?

மறுபதிப்புத் தருவேன், அசல் தரமாட்டேன். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு கிழமை. கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். மீன் பொரியல் சாப்பிட்ட கையோடு தொடக்கூடாது, கழுவினாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான். கடற்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் பக்கம் கிழித்தால் மறைக்காமல் கிழிந்த துண்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், ஒட்டிவிடலாம். 'சொஃப்ட் ரெயின்ஸ்' இருக்கும் தொகுப்பு இப்போது அந்த வாத்தியாரிடம். நான்காம் கிழமை நடக்கிறது.